சாம்சங் கேலக்ஸி எக்ஸ்கவர் 7: பேட்டரியை மாற்றலாம், கைபேசியை அணைத்த பிறகு

ரங்கூனில் மின்சாரம் முறை வைத்து வரத் தொடங்கியதிலிருந்து கைபேசி வாங்குகிறவர்களின் கேள்வியும் மாறிவிட்டது. கேமரா எப்படி என்று கேட்பதற்கு முன்னால், கரண்ட் இல்லாத நேரத்தை இது எப்படித் தாண்டும் என்றே கேட்கிறார்கள். நான் உளுந்து, துவரை, பாசிப்பயறு வாங்கி ஏற்றுமதியாளர்களுக்குக் கொடுக்கும் தரகு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். பயின்னவுங் மொத்தச் சந்தையிலிருந்து வரும் லாரிகளின் எடைச் சீட்டு, மூட்டைக் கணக்கு, கேபிஸெட் பே என்ற பணப் பரிமாற்றச் செயலி வழியாக நடக்கும் கொடுக்கல் வாங்கல், வைபர் செய்திச் செயலியில் வரும் அன்றைய விலை என்று எல்லாமே கைபேசிக்குள்தான் இருக்கின்றன. அந்த வேலைக்காகவே இந்த எக்ஸ்கவர் 7 கைபேசியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, அலுவலகத்திலும் கிடங்கிலும் பயன்படுத்தி வருகிறோம். இந்த மதிப்பீட்டின் பெரும்பகுதி அதன் பேட்டரியைப் பற்றியதாகவே இருக்கும். இதை வாங்கத் தூண்டும் காரணமும் அந்தப் பேட்டரிதான். கவனமில்லாத கையில் இதற்குள் இருக்கும் கணக்கைக் கெடுக்கக்கூடியதும் அதுதான்.

மற்ற அம்சங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இந்தக் கைபேசிக்கு 6.6 அங்குல எல்சிடி திரை, மீடியாடெக் டைமென்சிட்டி 6100 பிளஸ் சில்லு, 6 ஜிபி நினைவகம், 128 ஜிபி சேமிப்பகம், 50 மெகாபிக்சல் கேமரா ஆகியவை உண்டு. ஐபி 68 தரச்சான்று பெற்றிருப்பதால் தூசியும் தண்ணீரும் எளிதில் உள்ளே போகா. எடை 240 கிராம். சட்டைப் பையில் போட்டால் பை தொங்கும், லுங்கி மடிப்பில் செருகிக்கொள்ள முடியாது. வேகம் நடுத்தரம். கணக்குச் செயலிக்கும் வைபருக்கும் அது தாராளமாகப் போதும்; விளையாட்டுகளுக்காக வாங்குகிறவர்கள் வேறு கைபேசி பார்த்துக்கொள்ளலாம். உளுந்துத் தூசி படியும் கிடங்கில், மூட்டை தூக்கும் கைகளுக்கு நடுவே, கீழே விழுந்தும் எழுந்தும் வேலை செய்கிறது என்பது எங்களுக்குப் பெரிய விஷயம்.

இனி பேட்டரி. 4050 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு என்பது இன்றைய கணக்கில் பெரிய அளவு அல்ல. இதைவிட மலிவான கைபேசிகளே 5000 தருகின்றன. ஆனால் அவற்றின் பேட்டரி பசை போட்டு உள்ளே ஒட்டப்பட்டிருக்கிறது. இதன் பேட்டரியையோ கருவி எதுவும் இல்லாமல் நாமே கழற்றி மாற்றலாம். ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லாக் கைபேசிகளும் அப்படித்தான் இருந்தன. சாம்சங்கின் முன்னணிக் கைபேசிகளில் 2014இல் வந்த கேலக்ஸி எஸ்5 வரை பின்மூடியைத் திறந்து பேட்டரியை எடுக்க முடிந்தது. 2015இல் வந்த எஸ்6 அதை மூடிவிட்டது. பர்மாவில் சிம் கார்டு சாதாரண மக்கள் கைக்கு எட்டும் விலைக்கு வந்ததே 2014இல்தான். அப்போது இங்கே பலரும் முதன்முதலாக வாங்கிய மலிவு விலைக் கைபேசிகள் பெரும்பாலும் கழற்றும் பேட்டரி கொண்டவை. ஆகவே கைபேசி சுணங்கினால் பேட்டரியைப் பிடுங்கிப் போடுவது என்ற பழக்கம் நம்மவர் விரல்களில் அந்தக் காலத்திலிருந்தே படிந்திருக்கிறது. எக்ஸ்கவர் 7 கையில் கிடைத்ததும் அந்தப் பழக்கம் மறுபடி தலைதூக்குகிறது. அதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

பேட்டரி மாற்றும் வேலை உண்மையிலேயே எளிது. பின்மூடியின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே நகத்தை வைத்துத் தூக்கினால் மூடியின் கொக்கிகள் ஒவ்வொன்றாகச் சட்சட்டென்று விடுபடும். பேட்டரியின் ஒரு முனையை நெம்பி எடுத்து, நிரம்பிய இன்னொன்றை வைத்து, மூடியைச் சுற்றிலும் அழுத்தினால் வேலை முடிந்தது. பிறகு கைபேசி எழுந்து வரச் சிறிது நேரம் பிடிக்கும். அந்தச் சிறிது நேரம்தான் எல்லாருக்கும் கசக்கிறது. அணைக்க ஒரு நேரம், எழுப்ப ஒரு நேரம் என்று எதற்கு, ஓடும்போதே கழற்றினால் பாதி நேரம் மிச்சமாகுமே என்று நினைக்கத் தோன்றும். வாசலில் லாரி நிற்கும்போது அப்படித் தோன்றுவது இயற்கையே. ஆனால் அப்படி மிச்சம் பிடித்த நேரத்துக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதை எங்கள் கிடங்கிலேயே பார்த்திருக்கிறோம்.

இந்தக் கைபேசி வருவதற்கு முன்பு கிடங்கில் ஒரு பழைய மலிவுக் கைபேசி இருந்தது. எடைச் சீட்டுகளைப் படம் பிடித்து மெமரி கார்டில் சேமிப்பது அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவரின் பொறுப்பு. அடுத்தடுத்துப் படம் எடுத்ததில் கைபேசி சிறிது நேரம் உறைந்து நிற்க, அவர் பின்மூடியைத் திறந்து பேட்டரியை உருவிவிட்டார். திரும்பப் போட்டபோது கைபேசி நன்றாகவே எழுந்தது. ஆனால் மெமரி கார்டைப் படிக்க முடியவில்லை, அழித்துப் புதிதாக்கவா என்று கேட்டது. நல்லவேளையாக அவர் சரி என்று அழுத்தவில்லை. அனோயதா சாலைக் காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் கைபேசி பழுது பார்க்கும் நம்மவர் ஒருவரிடம் கொண்டுபோனோம்.

“அண்ணே, பேட்டரியைத்தான் கழட்டினேன். கார்டைத் தொடவே இல்லையே,” என்றார் தம்பி.

“கார்டைத் தொட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை தம்பி. அது எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்டை நிறுத்திட்டீங்க. எந்தப் படம் எங்கே இருக்குன்னு எழுதி வச்ச பட்டியல் பாதியிலே நின்னு போச்சு. படமெல்லாம் உள்ளேதான் இருக்கு, ஆனா கண்டுபிடிக்க வழி இல்லே,” என்றார் அவர்.

கணினியில் போட்டு அவர் பெரும்பாலான படங்களை மீட்டுக் கொடுத்தார். கடைசியாக எடுத்த சீட்டுகள் மட்டும் கிடைக்கவில்லை. எத்தனை வீசை இறங்கியது என்பதை லாரிக்காரரிடம் மறுபடி கேட்டு, அவர் சொன்னதை நம்பிக் கணக்கை முடித்தோம்.

அவர் சொன்ன விளக்கம் முற்றிலும் சரியானது. அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். நாம் ஒரு படத்தையோ கணக்கையோ சேமித்ததும் அது உடனே நிரந்தர இடத்துக்குப் போய்விடுவதில்லை. முதலில் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவு வைத்திருக்கும் நினைவகத்தில் தங்குகிறது. பிறகு சில நொடிகளிலிருந்து அரை நிமிடம் வரையிலான இடைவெளியில் இயங்குதளம் அதைச் சேமிப்பகத்துக்கு அனுப்புகிறது. வேகத்துக்காகவும், சேமிப்பகச் சில்லின் ஆயுளுக்காகவும் செய்யப்பட்ட ஏற்பாடு இது. பொத்தானை அழுத்தி முறையாக அணைக்கும்போது கைபேசி செய்யும் முதன்மையான வேலையே, அப்படித் தங்கியிருப்பவற்றை எல்லாம் எழுதி முடித்து, செயலிகளை மூடி, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு அமைப்பைப் பூட்டுவதுதான். பேட்டரியை உருவினால் அந்த வேலை எதுவும் நடக்காது. திரையில் சேமித்தாயிற்று என்று காட்டிய பதிவுகூட உண்மையில் எங்கும் எழுதப்படாமலே போயிருக்கக்கூடும்.

ஆண்ட்ராய்டு கைபேசிகளின் உள்சேமிப்பகத்தில் இதற்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. அங்கே பயன்படும் கோப்பு அமைப்புகள் திடீரென்று மின்சாரம் நின்றாலும் முன்பிருந்த ஒழுங்கான நிலைக்குத் திரும்பும்படி வடிவமைக்கப்பட்டவை. அதனால்தான் பலர், நான் பல தடவை பிடுங்கிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தப் பாதுகாப்பு கோப்புகளின் அடுக்கைத்தான் காக்கிறதே தவிர, கடைசி நிமிடத்தில் நீங்கள் எழுதியதைக் காக்கும் என்று உறுதி தருவதில்லை. அதற்கும் கீழே இன்னோர் அடுக்கு இருக்கிறது. சேமிப்பகச் சில்லுக்குள் ஒரு சிறு கட்டுப்பாட்டகம் இடைவிடாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. எந்தத் தகவல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை அதுதான் பராமரிக்கிறது. நாம் கைபேசியைத் தொடாதபோதும் பழைய கட்டங்களை அழித்து, நல்ல தகவலை இடம் மாற்றி வைக்கிறது. ஒரே நுண்கலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பிட்டுகளைச் சேமிக்கும் இன்றைய சில்லுகளில், புதியதை எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அதே கலத்தில் முன்பே பத்திரமாக இருந்த பழைய தகவலும் கெடக்கூடும். நல்ல சில்லுகளில் இதற்கும் தற்காப்பு வைத்திருக்கிறார்கள். மலிவான மெமரி கார்டுகளில் அதை எதிர்பார்க்க முடியாது. எங்கள் கிடங்கில் கைபேசி பிழைத்து, கார்டு மட்டும் படுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்டுகளில் பொதுவாக இருக்கும் ஃபேட் 32, எக்ஸ்ஃபேட் அமைப்புகளில், பாதியில் நின்ற வேலையைத் திருத்திக்கொள்ள உதவும் குறிப்பேடு கிடையாது.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. இன்றைய கைபேசிகளில் உள்சேமிப்பகம் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் சாவிகளும் அதே கைபேசிக்குள்தான் இருக்கின்றன. சாவித் தகவல் இருக்கும் பகுதி கெட்டுப்போனால், எங்கள் கார்டுக்குச் செய்ததைப் போல் கணினியில் போட்டுத் துருவி எடுக்க எந்தப் பழுது பார்ப்பவராலும் முடியாது. இது அடிக்கடி நடப்பதல்ல. ஆனாலும் நகல் எடுத்து வைக்காத கணக்கு உள்ளே இருக்கும்போது அந்த ஒரு தடவை போதும். எல்லாவற்றிலும் மோசமான நேரம் எதுவென்றால், இயங்குதளப் புதுப்பிப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் நேரம்தான். சதவீதம் நகரவில்லையே என்று பொறுமையிழந்து அப்போது பேட்டரியைத் தொட்டால், கைபேசி எழவே எழாமல் போகக்கூடும். கரண்ட் வந்து, தெருவே ‘மீ லா பீ’ (கரண்ட் வந்துவிட்டது) என்று கூவி, சார்ஜரும் மாட்டி, இனி நான்கு மணி நேரமாவது நிற்காது என்ற நிலையில்தான் எங்கள் அலுவலகத்தில் புதுப்பிப்பைத் தொடங்குவது வழக்கம்.

சார்ஜர் மாட்டியிருக்கும்போது பேட்டரியைக் கழற்றினால் கைபேசி அணையாது, ஆகவே மாற்றிவிடலாம் என்று ஒரு குறுக்கு வழியைச் சிலர் சொல்கிறார்கள். அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஓடும் கைபேசி ஒரே சீராக மின்சாரம் குடிப்பதில்லை. திரை ஒளிரும்போதும், தொலைவிலுள்ள கைபேசிக் கோபுரத்தைத் தேடும்போதும், கேமரா திறக்கும்போதும் சட்டென்று அதிகம் இழுக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக் கொடுப்பது பேட்டரிதான். அது இல்லாதபோது சார்ஜர் மட்டும் ஈடுகொடுக்க வேண்டும். கொடுக்க முடியாத நொடியில் மின்னழுத்தம் சரிந்து கைபேசி அணையும், அல்லது அணைந்து அணைந்து எழும். எழுதும் வேலை பாதியில் நிற்கும் ஆபத்து அப்போது ஒரு தடவையோடு முடிவதில்லை. போதாக்குறைக்கு இங்கே சார்ஜர் செருகியிருப்பது பல நேரங்களில் ஜெனரேட்டரிலோ இன்வெர்ட்டரிலோதான். பேட்டரியின் முனைகளில் நேர், எதிர் தகடுகளோடு வெப்பத்தை அறிவிக்கும் தகடும் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது அதைப் பார்த்துத்தான் கைபேசி தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. அந்தத் தொடர்பை நடுவில் துண்டிப்பது எந்த வகையிலும் நல்லதல்ல.

சிறிய விளைவு ஒன்றும் உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. முறையாக அணைக்கும்போது கைபேசி, நான் போகிறேன் என்று கோபுரத்துக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணைகிறது. பேட்டரியை உருவினால் அந்தச் செய்தி போகாது. ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று நினைத்து வலையமைப்பு சிறிது நேரம் தேடிக்கொண்டிருக்கும். விலை கேட்க அழைக்கும் வியாபாரி, அணைத்து வைத்திருக்கிறார்கள் என்ற தெளிவான அறிவிப்புக்குப் பதிலாக நீண்ட மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பெரிய கேடு இல்லை, என்றாலும் தரகுத் தொழிலில் அந்த அழைப்புக்கு மதிப்பு உண்டு.

அதே நேரத்தில், இல்லாத பயத்தை உண்டாக்கவும் நான் விரும்பவில்லை. ஓடும் கைபேசியிலிருந்து பேட்டரியை எடுத்தால் ஷாக் அடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நிரம்பிய பேட்டரியின் மின்னழுத்தமே ஏறக்குறைய 4.4 வோல்ட்தான், அது மனித உடலை ஒன்றும் செய்யாது. கழற்றும் செயலால் மட்டும் பேட்டரி வெடிப்பதும் இல்லை. பேட்டரிக்கு ஆபத்து கழற்றிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. வெளியே எடுத்த பேட்டரியைச் சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் பையில் போட்டால், உலோகம் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டு, அதிக மின்னோட்டம் பாய்ந்து, சூடேறித் தீப்பற்றக்கூடும். கத்தி முனையால் நெம்புவது, வளைப்பது, வெயிலில் நிற்கும் லாரியின் முன்பலகையில் வைப்பது ஆகியவையும் அதே அளவு ஆபத்தானவை. உதிரி பேட்டரிக்கு என்று மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கிக்கொள்வது நல்லது. எங்கள் கிடங்கில் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். பேட்டரி சற்றே உப்பியிருந்தாலும், சமமான மேசையில் வைத்துச் சுழற்றினால் பம்பரம் மாதிரி சுழலும். அப்படிச் சுழன்றால் அதை அன்றோடு ஒதுக்கிவிட வேண்டும்.

கைபேசி உறைந்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. எக்ஸ்கவர் 7இல் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பக்கவாட்டுப் பொத்தானையும் சேர்த்து ஏழு நொடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்தால், கைபேசி தானே மறுதொடக்கம் ஆகும். இதிலும் சேமிக்காத வேலை போய்விடும் என்பது உண்மை. ஆனாலும் இது தயாரித்தவர்களே வகுத்து வைத்த வழி. ஆகவே முதலில் அரை நிமிடம் காத்திருங்கள்; பிறகு இந்தப் பொத்தான்கள்; அதற்கும் அசையாவிட்டால்தான் பேட்டரி. தண்ணீரில் விழுந்து உள்ளே நீர் புகுந்த கைபேசி, சூடாகிப் புகை வாடை வரும் கைபேசி இரண்டுக்கும் இந்த வரிசை பொருந்தாது. அங்கே கணக்கைப் பற்றி யோசிக்காமல், கை பொறுக்கும் சூடாக இருந்தால் மட்டும், உடனே பேட்டரியை எடுத்துவிட வேண்டும். பொறுக்க முடியாத சூடு என்றால் தொடாமல் விலகிவிட வேண்டும். 2016இல் கேலக்ஸி நோட் 7 கைபேசிகள் தீப்பற்றித் திரும்பப் பெறப்பட்டபோது, முழுக் கைபேசியையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது, ஏனெனில் அதில் பேட்டரியைக் கழற்ற முடியாது. 2007இல் நோக்கியாவின் பிஎல் 5சி பேட்டரிகளில் கோளாறு என்று தெரிந்தபோது பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். கழற்ற முடிவதன் அருமை இங்கேதான் தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியமும், கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றக்கூடியதாக அமைக்க வேண்டும் என்ற பொது விதியை 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைப்படுத்த இருக்கிறது.

எக்ஸ்கவர் 7இன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 15 வாட் வேகத்தில்தான் சார்ஜ் ஏறும். மின்சாரம் வந்து போகும் ஊரில் இது உறுத்துகிறது. உதிரி பேட்டரி இருந்தாலும் அதைத் தனியே சார்ஜ் செய்யும் கருவியைச் சேர்த்து வாங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். பேட்டரியை மாற்றிய பிறகு சதவீதக் காட்டி சில நேரம் தடுமாறும். புதிதாக வந்த பேட்டரியின் உண்மை நிலையை மின்னழுத்தத்தைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருப்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. பின்மூடியை அடிக்கடி திறப்பதால் அதன் ரப்பர் வளையத்தில் உளுந்துத் தூசி ஒட்டிக்கொள்கிறது. அதை மென்மையான துணியால் துடைத்து, எல்லாக் கொக்கிகளும் அமர்ந்தனவா என்று விரலால் சுற்றி அழுத்திப் பார்க்காவிட்டால், ஐபி 68 என்ற சான்று பெயரளவில்தான் இருக்கும். மழைக்காலத்தில் திறந்த வெளியில் பேட்டரி மாற்றவே கூடாது. ரங்கூன் கடைகளில் அசல் உதிரி பேட்டரி எளிதில் கிடைப்பதில்லை என்பதால், கைபேசி வரவழைக்கும்போதே இரண்டாவது பேட்டரியையும் சேர்த்து வரவழைப்பது புத்திசாலித்தனம். பெயர் தெரியாத மலிவுப் பேட்டரியை இதில் போடுவதைவிட, ஒரு நல்ல பவர் பேங்கை நம்புவது மேல்.

நிற்காமல் ஓட வேண்டிய வேலை உள்ளவர்களுக்கு, உதாரணமாக எடைமேடையில் நாள் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும் கருவிக்கு, இதைவிடச் சாம்சங்கின் கேலக்ஸி டேப் ஆக்டிவ் 3 பொருந்தும். பேட்டரியே இல்லாமல் நேரடி மின்சாரத்தில் இயங்கும் முறை அதில் தயாரிப்பிலேயே அமைந்திருக்கிறது. கிடங்குகளுக்கென்று ஸீப்ரா நிறுவனம் செய்யும் சில கையடக்கக் கருவிகளில், பேட்டரி மாற்றும் இடைவெளியில் நினைவகத்தைத் தாங்கிப் பிடிக்கும் வசதியும் உண்டு. ஆனால் அவற்றிலும் மாற்றுவதற்கு முன் திரையில் அதற்கான கட்டளையைக் கொடுத்துவிட்டே கழற்ற வேண்டும். எக்ஸ்கவர் 7ஐ அந்த வகையில் சேர்த்து எண்ணி வாங்க வேண்டாம். லாரி வாசலில் நின்றாலும் அணைத்துவிட்டு மாற்றும் பொறுமை உள்ள கைகளுக்கு, இன்றைய ரங்கூனில் இதைவிடப் பொருத்தமான கைபேசியை நான் பார்க்கவில்லை.